எங்கள் ஊரில் வெப் சீரிஸ் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை நம்பி ரூம் கட்டலாமா?

பென்னாகரம் பையன் கேட்டது:

வணக்கம். எனக்கு ஊர் பென்னாகரம் பக்கம், ஒகேனக்கல் போகும் ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. வேலை ஓசூரில். சமீபத்தில் ஒரு வெப் சீரிஸ் குழு எங்கள் ஊரில் தங்கி ஷூட்டிங் நடத்திவிட்டுப் போனது. யார், எந்தத் தளத்தில் வரப் போகிறது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஆற்றோரப் பாறைகளில் எடுத்தார்கள், கோயில் தெருவில் எடுத்தார்கள், சித்தப்பாவின் புளியந்தோப்பிலும் சில காட்சிகள் எடுத்தார்கள். அதிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. சீரிஸ் வெளியாகிவிட்டால் பெங்களூர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்து நிற்பார்கள், அதற்குள் நாம் தயாராகிவிட வேண்டும் என்கிறார்கள்.

சித்தப்பா பரிசல் ஓட்டுகிறவர். சித்தி அருவிக்குப் போகும் வழியில் அடுப்பு வைத்திருக்கிறார், வருகிறவர்கள் வாங்கி வரும் மீனைக் கழுவி மசாலா தடவி வறுத்துக் கொடுப்பார். அவர்கள் மகன், என் தம்பி முறை, தோப்பை ஒட்டி மூன்று ரூம் கட்டி வாடகைக்கு விடலாம் என்று பிடிவாதமாக நிற்கிறான். கடன் வாங்குவதென்றால் என் பெயரில்தான் வாங்க வேண்டும், மாதச் சம்பளம் வருகிறவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை, சரி என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. ஏனென்றால் நான் பார்த்த வரை ஒகேனக்கல்லில் கூட்டத்தை முடிவு செய்வது, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கிற தண்ணீர்தான். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. ஒரு லட்சம் கன அடியைத் தாண்டுகிற காலங்களில் ஊருக்கு வந்தவர்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதற்கு நேர் எதிர், அருவி மெலிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை, பண்டிகை நாட்கள், இவற்றில் வருவதை வைத்துத்தான் சித்தப்பா குடும்பம் வருடம் முழுக்க ஓட்டுகிறது.

ஆனாலும் சினிமா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியவில்லை. 'ரோஜா' 1992-இல் வந்த படம். 'சின்னச் சின்ன ஆசை' பாட்டு எடுத்த இடம் எது என்று இன்றைக்கும் பரிசலில் ஏறுகிறவர்கள் கேட்கிறார்கள். மெயின் அருவி, ஐந்தருவியோடு சினி பால்ஸ் என்றே ஓர் அருவிக்குப் பெயர் நிலைத்திருக்கிறது.

அதனால் கேட்கிறேன். படத்தையோ சீரிஸையோ பார்த்துவிட்டு ஜனங்கள் உண்மையிலேயே ஓர் ஊரைத் தேடிப் போகிறார்களா? போனால் அது எத்தனை வருடம் நிற்கும்? வருகிற காசில் ஊர்க்காரன் கைக்கு எவ்வளவு வந்து சேரும்? அனுபவப்பட்டவர்கள், வேறு ஊர்களில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் பாறையேறி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த சீரிஸில் உங்கள் ஊர்ப் பெயரோ ஒகேனக்கல் என்ற பெயரோ வருகிறதா? எடுக்கிற இடம் ஒன்று, கதை நடக்கிற இடம் இன்னொன்று. ஜனங்கள் பெரும்பாலும் கதை நடக்கிற இடத்தைத் தேடித்தான் போவார்கள். நீங்கள் சொன்ன 'ரோஜா'வையே பாருங்கள். கதை காஷ்மீரில் நடக்கிறது, அன்றைய நிலைமையில் அங்கே போய் எடுக்க முடியாமல் மணாலி, குன்னூர் என்று எடுத்தார்கள். படம் பார்த்தவர்களுக்கு மனதில் நின்றது காஷ்மீர்தான். அந்தப் பாட்டிலும் பெரும்பகுதி பாணதீர்த்தம் அருவி, நம் ஒகேனக்கல் சில நொடிகள் மட்டும் வருகிறது. அந்தச் சில நொடிக்கே முப்பது வருடம் கழித்தும் கேட்கிறார்கள் என்றால் திரைக்கு இருக்கிற பலம் சாதாரணம் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கொடைக்கானல் குணா குகையை இன்னும் நல்ல உதாரணம் என்பேன். வெள்ளைக்காரன் காலத்தில் டெவில்ஸ் கிச்சன் என்று கூப்பிட்ட இடம், 1991-இல் கமல் படம் வந்த பிறகு குணா குகை ஆனது. 2006-இல் கேரளத்தில் இருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் உள்ளே விழுந்து, கூட வந்த நண்பரே இறங்கி மீட்ட சம்பவம் உண்மையில் நடந்தது. அதை வைத்து 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் கொடைக்கானலில் அந்த இடத்துக்கு மட்டும் கூட்டம் எகிறியது. குகைக்குள் நடக்கிற காட்சிகளைப் பெரும்பாவூரில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் பெரும்பாவூருக்கு யார் போனார்கள்? கதையில் பெயர் இருக்கிற ஊருக்குத்தான் போனார்கள். அங்கேயும் குகைக்குள் இறங்க முடியாது, கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும், பக்கத்தில் பின்னிக் கிடக்கும் மர வேர்கள் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். லாபம் பார்த்தவர்கள் கொடைக்கானலில் ஏற்கெனவே கடையும் லாட்ஜும் வைத்திருந்தவர்கள்.

இதற்கு விலக்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ராமநகரம். 'ஷோலே' 1975. கதையில் ஊர்ப் பெயர் ராம்கர், ராமநகரம் என்ற பேச்சே கிடையாது. செட் போட்ட கிராமத்தையும் படம் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் ஐம்பது வருடமாக அந்தப் பாறைகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். காரணம் அந்தப் பாறைகள் வேறு எந்த ஊர்ப் பாறை மாதிரியும் இல்லை, பார்த்த உடனே தெரிந்துவிடும், தவிர பெங்களூரில் இருந்து 50 கி.மீ. தூரம்தான். நாங்கள் நண்பர்கள் கயிறு கட்டிப் பாறை ஏற அங்கே போவோம், கூட வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பட வில்லன் கப்பர் சிங் நின்ற பாறை எது என்று கேட்காமல் திரும்புவதில்லை. ராமதேவர பெட்டாவை 2012-இல் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்துவிட்டதால் நினைத்த இடத்தில் எல்லாம் ஏறவும் முடியாது.

உங்களுக்கு இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், ராமநகரத்துக்கு வருகிறவர்கள் விடியற்காலை கிளம்பி வருவார்கள், பிடதியில் தட்டு இட்லி சாப்பிடுவார்கள், மலை ஏறுவார்கள், மத்தியானத்துக்குள் பெங்களூர் திரும்பிவிடுவார்கள். பக்கத்து நகரத்தில் இருந்து வருகிறவனுக்கு ரூம் தேவையில்லை. ஒகேனக்கல்லும் பெங்களூரில் இருந்து 150 கி.மீ. சுற்றளவில்தான் இருக்கிறது. வருகிறவன் ராத்திரி எதற்காகத் தங்க வேண்டும்? இதற்குப் பதில் இருந்தால் கட்டுங்கள். சீரிஸ் வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கேள்வி மாறப் போவதில்லை.

பாலக்கோட்டுக்காரி எழுதியது:

நான் பாலக்கோடு, கல்யாணம் ஆகி இப்போது நியூசிலாந்தில் ஆக்லாந்தில் இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த நாட்டுக்கு வரும் பயணிகளில் கணிசமானவர்கள் ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

மட்டமட்டா என்று ஒரு ஊர், ஆக்லாந்தில் இருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அங்கே ஒரு குடும்பத்தின் ஆட்டுப் பண்ணை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்த பீட்டர் ஜாக்சன் 1998-இல் வானில் இருந்து இடம் தேடியபோது இந்தப் பண்ணை கண்ணில் பட்டது. புல் மேடுகளுக்குள் குட்டிக் குட்டி வட்டக் கதவு வீடுகளாக செட் போட்டார்கள், பண்ணைக்குள் போக ரோடு போட்டுக் கொடுத்தது நியூசிலாந்து ராணுவம். முதல் படம் 2001-இல் வந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவதுதான் ஒப்பந்தம். பிரிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் வேலை பாதியில் நின்றது, சில வீடுகளின் வெள்ளை முகப்பு மட்டும் மிஞ்சியது. வெறும் பிளைவுட்தான். அதைப் பார்க்கவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பண்ணைக் குடும்பம் 2002-இல் கட்டணம் வாங்கிச் சுற்றிக் காட்டத் தொடங்கியது.

பிறகு 'ஹாபிட்' படங்களுக்காக அதே இடத்துக்குத் திரும்ப வந்தபோது அந்தக் குடும்பம் இந்த முறை பிரிக்கக் கூடாது, நிலையான பொருள்களால் கட்ட வேண்டும் என்று பேசி முடித்தது. இன்று 44 வீடுகள், தோட்டம், குளம், படத்தில் வருகிற சத்திரம் எல்லாம் இருக்கிறது. உங்கள் இஷ்டத்துக்கு உள்ளே நடக்க முடியாது, பஸ்ஸில் கூட்டிப் போவார்கள், கூடவே ஒருவர் கதை சொல்லிக்கொண்டு வருவார், கடைசியில் சத்திரத்தில் ஒரு கிளாஸ் இஞ்சி பீர். ஊரில் இருந்து அப்பா அம்மா வந்தபோது கூட்டிப் போனோம். அம்மாவுக்கு அந்தப் படம் எதுவுமே தெரியாது, ஆனால் அந்தத் தோட்டத்தில் வைத்திருந்த காய்கறிச் செடிகளைப் பார்த்துவிட்டு நகர மனமில்லாமல் நின்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படம் பார்க்காதவரையும் நிறுத்தி வைக்கிற அளவுக்கு அந்த இடத்தைப் பராமரிக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் கூட்டம் குறையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று, அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. முதல் படம் வந்த சமயத்திலேயே அமைச்சர் ஒருவருக்கு இந்தப் படத்தால் நாட்டுக்கு என்ன ஆதாயம் கொண்டுவரலாம் என்று பார்க்கிற பொறுப்பைத் தனியாகக் கொடுத்தார்கள். சுற்றுலாத் துறை விளம்பரமே அந்தப் படத்தின் பெயரை வைத்துத்தான் ஓடியது.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? ஷூட்டிங் குழு வருகிறது, இடத்துக்குக் கொஞ்சம் வாடகை, சாப்பாட்டுக்குக் கொஞ்சம், கூட்டக் காட்சியில் நின்றவர்களுக்கு ஒரு நாள் சம்பளம். அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. தம்பி, உங்கள் சித்தப்பா தோப்பைக் கொடுத்தபோது எதையாவது எழுதி வாங்கினாரா? கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ஊர்ப் பெயர் போட வேண்டும், இந்த இடத்தில்தான் எடுத்தது என்று நாங்கள் விளம்பரம் செய்துகொள்ள அனுமதி வேண்டும், எடுத்த ஸ்டில் போட்டோ இரண்டு மூன்று தர வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்கு ஒரு பைசா செலவு இல்லை. இன்னும் வெளியாகவில்லை என்றால் இப்போதுகூடக் கேட்கலாம். ரூம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஊட்டமலை எழுதியது:

எல்லோரும் கூட்டம் வருமா வராதா என்றே பேசுகிறீர்கள். வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன், நான் அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன்.

சினிமாவில் பாறை விளிம்பில் நின்று கதாநாயகன் கை விரித்துப் பாடுவார். பக்கத்தில் கயிறு பிடித்துக்கொண்டு நாலு பேர் நிற்பது திரையில் வராது. அதைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் அதே பாறையில் அதே மாதிரி நிற்கப் பார்க்கிறார்கள். வழுக்குப் பாறை, கீழே சுழல். தடுப்புக் கம்பியைத் தாண்டாதே என்று நாங்கள் கத்தினால் எங்களைத்தான் முறைக்கிறார்கள். பரிசலில் லைப் ஜாக்கெட் போடச் சொன்னால் போட்டோவில் நன்றாக இருக்காதாம், கழற்றுகிறேன் என்கிறார்கள். காவிரி எத்தனை பேரை வாங்கியிருக்கிறது என்று இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். தேடி எடுத்துக் கரை சேர்ப்பதும் எங்கள் ஆட்கள்தான்.

தாய்லாந்தில் மாயா பே என்று ஒரு கடற்கரை. 2000-இல் டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' படம் அங்கே எடுத்தது. எடுக்கும்போதே மணல் மேட்டைச் சமன் செய்து தென்னை நட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு 2022 வரை நடந்தது. படம் வந்த பிறகு அந்தச் சின்ன வளைகுடாவுக்கு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள். படகு நங்கூரம் போட்டுப் போட்டே பவளப் பாறை நாசமாகி, 2018 ஜூனில் அரசாங்கமே இழுத்து மூடியது. மூன்றரை வருடம் கழித்து 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது படகு வளைகுடாவுக்குள் வரக் கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும், ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு. ஆள் இல்லாத அந்த இடைவெளியில் கரும்துடுப்புச் சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்துவிட்டன.

குரோஷியாவில் துப்ரோவ்னிக் கோட்டை ஊரும் அப்படித்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வந்த பிறகு மதிலுக்குள் குடியிருப்பவர்கள் தெருவில் நடக்க முடியாத நிலைமை. கடைசியில் ஒரே நேரத்தில் இரண்டு சொகுசுக் கப்பலுக்கு மேல் வரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். லடாக்கில் '3 இடியட்ஸ்' எடுத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் படிக்க விடாமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற கூட்டம். 2018-இல் சுற்றுலாக்காரர்களை உள்ளே விடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

சரியாகச் செய்த ஊர் என்று எனக்குத் தெரிந்தது சுவிட்சர்லாந்தில் இசல்ட்வால்ட். ஏரிக்கரைக் கிராமம், சில நூறு பேர்தான் ஜனத்தொகை. கொரியா தொடர் 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'வில் கதாநாயகன் அங்கே ஒரு மரத் துறையில் உட்கார்ந்து பியானோ வாசிப்பார். அதே இடத்தில் நின்று படம் எடுக்க ஆசியாவில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். 2023-இல் அந்தத் துறையில் காலெடுத்து வைக்க 5 பிராங்க் கட்டணம் போட்டு கேட் வைத்தார்கள். பெரிய பஸ்களுக்கு முன்பதிவு கட்டாயம். ஏரியைப் பார்ப்பது இலவசம், அந்தத் துறையில் ஏறுவதற்குத்தான் காசு. அந்த வருமானம் ஊராட்சிக்கே போகிறது. நம் ஊரிலும் அப்படி ஊராட்சி கையில் காசு வந்து, அதில் கழிப்பறையும் குப்பை வண்டியும் வந்தால் யாருக்கும் வருத்தம் இருக்காது. இப்போது பாட்டிலும் பிளாஸ்டிக்கும் ஆற்றில், பொறுக்குவது நாங்கள்.

பாப்பாரப்பட்டி ஆசிரியர் எழுதியது:

இவ்வளவு பேசியவர்கள் நம் மாவட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2023-இல் வீரப்பனைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன, நெட்பிளிக்ஸில் ஒன்று, ஜீ5-இல் 'கூச முனிசாமி வீரப்பன்'. 2004 அக்டோபர் 18 இரவு ஆம்புலன்ஸில் வந்தவரைச் சுட்டது எங்கள் பாப்பாரப்பட்டியில். அந்தத் தொடர்கள் வந்ததிலிருந்து வெளியூர் பைக்குகள் வந்து டீக்கடையில் நிறுத்தி அந்த இடம் எது என்று கேட்பது அவ்வப்போது நடக்கிறது. ரோட்டைக் காட்டுவோம், ஒரு வீடியோ எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு ஒரு டீயின் காசு.

எனக்கு வருத்தமாக இருப்பது வேறு விஷயம். அதே பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்தார், 1925 ஜூலை 23 இங்கேதான் காலமானார். தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பப் பணம் திரட்டியவர், அது முடியாமலே போய்ச் சேர்ந்தார். நினைவிடமும் பாரத மாதா நினைவாலயமும் இன்று ஊரில் இருக்கின்றன. பைக்கில் வருகிற தம்பிகளிடம் நானாகப் போய்ச் சொல்வேன், இரண்டு நிமிடம்தான், பார்த்துவிட்டுப் போங்கள் என்று. போகிறார்கள், கேட்டுவிட்டு மௌனமாக நிற்கவும் செய்கிறார்கள். தெரியாததால்தான் வருவதில்லை. அவரைப் பற்றி நல்லதாக ஒரு தொடர் வந்தால் போதும், இந்த ஊரின் முகமே மாறிவிடும் என்று நினைப்பேன்.

எல்லா இடத்தையும் சுற்றுலாவாக்கலாம் என்ற பேச்சு வரும்போது அரூர் பக்கத்து வாச்சாத்தியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1992 ஜூன் 20, சந்தன மரத் தேடல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த நாள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், தீர்ப்பு வந்தது 2011-இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். அந்தப் பெண்கள் முப்பது வருடம் சாட்சி சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். அந்தக் காலத்தைப் பற்றிய படமோ தொடரோ பார்த்துவிட்டு அங்கே கேமராவோடு போய் நிற்கிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன். போகத்தான் வேண்டும் என்றால் அந்த ஊர்க்காரர்களிடம் முன்னதாகப் பேசி, அவர்கள் கூப்பிட்டால் போங்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோபிநத்தம், வீரப்பன் பிறந்த ஊர். 1991-இல் கொல்லப்பட்ட வன அதிகாரி ஸ்ரீனிவாஸ் அந்த ஜனங்களுக்காக மாரியம்மன் கோயில் கட்ட முன்னின்றவர், இன்றும் அவரை அங்கே மரியாதையோடு நினைக்கிறார்கள். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அங்கே காட்டு முகாம் வைத்தது. காட்டைக் காட்டுவதோடு கதையையும் சொன்னால் வருகிறவன் ஒரு ராத்திரி தங்குவான். ஓசூர் நண்பர் கேட்டாரே, எதற்காகத் தங்க வேண்டும் என்று, அதற்கு ஒரு பதில் இது.

பென்னாகரம் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சித்தப்பாவிடம் போனில் பேசினேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லையாம், வாய்ப்பேச்சுதான். கதையில் ஊர்ப் பெயர் ஒகேனக்கல் இல்லை, ஏதோ கற்பனைப் பெயர் என்று ஷூட்டிங்கில் வேலை செய்த பையன் சொல்கிறான். குழுவின் மேனேஜர் நம்பர் இருக்கிறது. பாலக்கோடு அக்கா சொன்ன மாதிரி நன்றி அட்டையில் ஊர்ப் பெயரும் போட்டோவும் கேட்கப் போகிறோம்.

தம்பி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் வராவிட்டால் என்ன, இன்ஸ்டாவில் யாராவது கண்டுபிடித்துப் போட்டுவிடுவார்கள் என்கிறான். அதிலும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. கேரளத்து அதிரப்பள்ளி அருவியை நம் ஆட்கள் 'புன்னகை மன்னன்' அருவி என்றே தேடிப் போகிறார்களே, படம் 1986, ஊர்ப் பெயர் தெரியாமல் படப் பெயரை வைத்தே போகிறார்கள்.

ஓசூர் பாறையேறி எழுதியது:

உங்கள் தம்பி சொல்வது சரிதான், கண்டுபிடிப்பார்கள். ஆனால் அதிரப்பள்ளிக்கு அந்த ஒரு படம் மட்டும் போதவில்லை. 'இராவணன்', 'பாகுபலி' என்று திரும்பத் திரும்ப அதே அருவியைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் தோப்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஓடிடியில் வாரத்துக்கு ஒரு சீரிஸ் வருகிறது, போன மாதம் பார்த்தது எது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடன் வாங்கி மூன்று ரூம் என்பதற்குப் பதிலாக இருக்கிற வீட்டில் ஓர் அறையை ஒழுங்கு செய்யுங்கள். சுத்தமான கழிப்பறை, கொசுவலை, கார் நிறுத்த இடம். சுற்றுலாத் துறையில் வீட்டில் தங்க வைப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது, அதைச் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். தோப்பு காட்டோரமாக இருந்தால் இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். காவேரி வடக்கு 2014-இலும் தெற்கு 2022-இலும் வன உயிரினச் சரணாலயமாகி இருக்கின்றன, கட்டடத்துக்கு என்ன கட்டுப்பாடு, யானை வரும் வழி எது என்று தெரியாமல் செங்கல் இறக்காதீர்கள்.

ராத்திரி தங்க வைக்க உங்களிடம் ஒரு காரணம் ஏற்கெனவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சித்தி கை மீன். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் சித்தப்பாவோடு ஆற்றங்கரை நடை, பரிசல் எப்படிப் பின்னுகிறார்கள் என்று காட்டுவது, ராத்திரி களி, கீரை, மீன் குழம்பு. நான் குடும்பத்தோடு வருவேன், காசு கொடுத்துத்தான்.

ஊட்டமலை எழுதியது:

அறை தயாரானதும் சொல்லு தம்பி, சித்தப்பாவை எனக்கும் தெரிந்திருக்கும். வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே போனில் சொல்லிவிடு: பிலிகுண்டுலு நீர்வரத்து பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லு, தடை இருந்தால் முன்பணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிக் கொடு. தண்ணீர் ஏறிய நாளில் வந்து, பரிசல் இல்லை என்று சண்டை போட்டுவிட்டுப் போகிறவன் திரும்ப வரவே மாட்டான். அப்புறம் அந்த ஷூட்டிங் எடுத்த பாறைக்கு யாரையும் தனியாக அனுப்பாதே, உன் தம்பியைக் கூட அனுப்பு.

பென்னாகரம் பையன் எழுதியது:

சரிங்க அண்ணா. இந்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன், அறையை அளந்து பார்த்துவிட்டுச் செலவு எவ்வளவு ஆகும் என்று இங்கேயே போடுகிறேன். கழிப்பறை டைல்ஸ் வேலைக்குப் பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ நல்ல ஆள் தெரிந்தவர்கள் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.